ஒரே குத்து பியூலா

ஜூன் 5, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலரைக்கு விடுவதாகச் சொன்னவன் ஐந்தாகியும் விடவில்லை. மூன்று குடங்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதையாவது எழுதலாமே என்று, மருந்துக் கம்பெனி கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன்.

நான் யாரென்று இந்த டைரிக்குத் தெரியாது. பியூலா. வயது முப்பத்து நாலு. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பகல்நேர கீமோ வார்டு நர்ஸ். வார்டில் எனக்கு இன்னொரு பெயர், ‘ஒரே குத்து’. கீமோ ஏற ஏற நோயாளிகளின் ரத்தக்குழாய்கள் கயிறு மாதிரி கெட்டியாகி உள்ளே ஒளிந்துகொள்ளும். மற்ற நர்ஸுகள் மூன்று முறை, நாலு முறை குத்தித் தேடுவார்கள். எனக்கு ஒரே குத்துதான். வருகிறவர்கள் எல்லாம் “பியூலா சிஸ்டர் கை ராசியான கை, அவிய வந்து போடட்டும்” என்று டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

புதன்கிழமை பேச்சித்தாய் அக்காவுக்கு மூன்றாவது சுற்று. ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. வலது மார்பை எடுத்தாயிற்று, அதனால் வலது கையில் ஊசி போடக் கூடாது. இடது கை ஒன்றுதான் மிச்சம். நெஞ்சுத் தோலுக்கு அடியில் போர்ட் என்கிற சின்ன டப்பியை வைத்துவிடுவோம், அதன் வழியாக மருந்து ஏற்றலாம், கையைக் குத்தவே வேண்டாம் என்று டாக்டர் நம்பிராஜன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண வைக்கியளா? போதும்யா. பியூலா சிஸ்டர் இருக்காவல்லா” என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 7, புதன். மதியம் 1.20, நர்ஸ் அறை

பேச்சித்தாய் அக்காவுக்கு முடிந்தது. இடது புறங்கை. ஒரே குத்து. சிவப்பு நிற கீமோ மருந்து 11.40-க்குத் தொடங்கி 12 மணிக்கு முடிந்தது. அந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே சொட்டினால் சதையை அரித்துவிடும். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து கையால்தான் தள்ளவேண்டும், நடுநடுவே பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ரத்தம் நன்றாக வந்தது.

முடிந்த பிறகு மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கமாக, சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. லேசாக உப்பினாற்போலவும் இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

“ரத்தம் திரும்பி வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“எத்தனை குத்து?”

“ஒண்ணு சார்.”

அக்காவிடம் திரும்பி “எரியுதாம்மா?” என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “இல்லங்கய்யா. நல்லாத்தான் இருக்கு.”

சிலருக்கு மருந்து பட்டதும் ரத்தக்குழாய் மேலே இப்படித் தடித்துச் சிவக்கும், கசிவு இல்லை, அரைமணியில் அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரே சொல்லியாயிற்று. இரண்டு பிளாஸ்டரும் நனைந்திருந்ததால் புதிதாக மாற்றி ஒட்டி, வீட்டுக்கு அனுப்பினேன்.

சாம்பார் சாதம் கொண்டுவந்திருக்கிறேன். இறங்கவில்லை.

அதே நாள், பஸ்ஸில்

5.05. பதினொன்று நாற்பதிலிருந்து ஆறு மணி நேரம் என்றால் ஐந்து நாற்பது. எதற்கு இதைக் கணக்குப் போடுகிறேன் என்று தெரியவில்லை. இந்த மருந்து கசிந்தால் அதற்கு முறிவு ஊசி இருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாகவேண்டும் என்று பயிற்சியில் படித்தது ஞாபகம் வந்தது. கசிந்தால்தானே. கசியவில்லை.

5.20. டாக்டர் எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது? வைத்துவிட்டேன்.

5.31. மறுபடி எடுத்தேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பஸ் ஆடுவதால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

5.38. மார்க்கெட் நிறுத்தம். கத்தரிக்காய் வாங்கவேண்டும். இறங்கவில்லை.

5.44. அப்பாடா, தாண்டியாயிற்று.

என்ன எழுதியிருக்கிறேன் நான்? எதற்கு அப்பாடா? ச்சீ.

ஜூன் 8, வியாழன். காலை 4.50

என் வீட்டுக்காரர் எட்வின் தூங்குகிறார். நான் தூங்கவில்லை. இதை இங்கேயாவது எழுதவில்லை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இரண்டு குத்து.

முதலில் மணிக்கட்டுக்கு மேலே போட்டேன். ஊசி குழாய்க்குள் போய் மறுபக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. உடனே உருவிப் பஞ்சை வைத்தேன். வார்டில் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் வாத்தியார் “என்ன சிஸ்டர்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், பேச்சித்தாய் அக்கா துண்டை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டார். அதே குழாய் கீழே புறங்கையில் கொழுகொழுவென்று தெரிந்தது. அங்கே போட்டேன், விழுந்துவிட்டது. அக்கா வார்டுக்கே கேட்கிற மாதிரி, “பாத்தியளா, ஒரே குத்து!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளில் ‘முயற்சி: 1’ என்று எழுதினேன்.

புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவளே நான்தான். ரத்தம் விரலிலிருந்து தோளை நோக்கி ஓடுகிறது. மேலே ஓட்டை போட்டுவிட்டு அதே குழாயில் கீழே மருந்தைத் தள்ளினால், போகிற வழியில் மேல் ஓட்டை வழியாக வெளியே வரும். செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் நடுவே ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். “பீச்சும் சிஸ்டர்” என்று கத்துவார்கள். கீழே ஊசி சரியாக உட்கார்ந்திருப்பதால் பின்னால் இழுத்தால் ரத்தமும் ஜோராக வரும். டாக்டர் ஏமாந்தது அதனால்தான். இல்லை. அவரை ஏமாற்றியது நான். மேலே ஒரு ஓட்டை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேற்றே அந்த முறிவு ஊசியைப் போட்டிருப்பார்.

பயமாக இருக்கிறது. அக்காவின் கையை நினைத்தா, என் வேலையை நினைத்தா என்று கேட்டால், நேற்று 5.44-க்கு நான் எழுதியதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

5.35

அக்காவின் மகள் காளீஸ்வரி போன் செய்தாள்.

“சிஸ்டர், அம்மைக்குக் கை வீங்கிட்டு. ராத்திரி பூரா பொலம்புதா. பக்கத்து வீட்டு அத்தை உப்பை வறுத்துக் கட்டி ஒத்தடம் குடுக்கச் சொன்னாவ. குடுத்துட்டுத்தான் இருக்கேன், கொறைய மாட்டேங்கு...”

“எடுட்டி அதை! சூடே படக்கூடாது! இப்பவே தூக்கி எறி!”

நான் போட்ட சத்தத்தில் எட்வின் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கட்டினாலும் சுளுக்கினாலும் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் உப்பு ஒத்தடம்தான். இந்த மருந்துக்குச் சூடு கூடவே கூடாது. பக்கத்துச் சதையையும் சேர்த்து அரிக்கும். குளிர்ச்சிதான் வைக்கவேண்டும். நேற்று வீட்டுக்கு அனுப்பும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். கசிவே இல்லை என்று நடித்துக்கொண்டிருந்தவள் எப்படிச் சொல்வாள்?

துணியில் ஐஸ் சுற்றி வைக்கச் சொன்னேன். நேராகத் தோலில் வைக்காதே, கையைத் தலையணை மேல் தூக்கி வை, அமுக்காதே, தேய்க்காதே, எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வா. எல்லாம் சொன்னேன்.

“அம்மை கையில என்ன சிஸ்டர் ஆச்சு?”

“வாங்க, சொல்லுதேன்.”

குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பி வழிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

மதியம்

சொல்லிவிட்டேன். 8.20-க்கு, டாக்டர் நம்பிராஜன் அறையில், இன்சார்ஜ் தங்கபுஷ்பம் சிஸ்டரையும் வைத்துக்கொண்டு. “சார், நேத்து ரெண்டு குத்து. மேல ஒண்ணு தவறிட்டு. அதே குழாயில கீழ போட்டேன்.”

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார். “நேத்து அஞ்சரைக்குள்ள சொல்லியிருந்தா என் கையில ஒரு ஊசி இருந்துச்சு. இப்ப இல்ல” என்றார். எழுந்து போய்விட்டார்.

அக்கா வந்தபோது சிவப்பு, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. தங்கபுஷ்பம் சிஸ்டர் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிப் படம் எடுத்தார். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்ப்பதற்கு. ஐஸ் பொட்டலம் இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒரு திரவ மருந்தைத் தடவி, துணி போட்டு மூடாமல் காற்றிலேயே காயவிடவேண்டும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பதினாலு நாள். அதைக் கையில் தடவினால் வாயில் பூண்டு வாசம் அடிக்கும்.

“யாத்தி, ரசம் வச்ச மாதிரில்லா இருக்கு” என்று அக்கா சிரித்தார். டாக்டர் அவரிடமும் காளீஸ்வரியிடமும் எல்லாவற்றையும் விளக்கினார். என் பெயரையும் சொன்னார். காளீஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வலது கை ஆக்சிலேட்டருக்கு. இடது கைதான் கிளட்சைப் பிடித்து, அதே கைப்பிடியைத் திருப்பிக் கியர் போடவேண்டும். மணிக்கட்டு திரும்பாவிட்டால் வண்டி நகராது. அதை டாக்டர் சொல்லவில்லை. அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

என்னை ஊசி போடும் வேலையிலிருந்து எடுத்து ஃபைல் அடுக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். விசாரணை உண்டு.

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று எட்வின் சொன்னார். சாயங்காலம் காளீஸ்வரி படம் அனுப்பினாள், ஒரு வார்த்தை எழுதாமல். சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் குறையவும் இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

கோட்டைத் தாண்டிவிட்டது. ஒரு விரல் அகலம்.

ஜூன் 15, வியாழன்

கொப்புளம் வந்துவிட்டது. நடுவில் கறுத்திருக்கிறது. காளீஸ்வரி அனுப்பிய படத்தை ஃபைல் அறையில் நின்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

இந்த மருந்து அப்படித்தான். சதைக்குள் போனால் போய்விடாது. செத்த அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குப் போகும், அதையும் கொன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும். வாரக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. இப்போது மிக்சி ஓடினாலும், பஸ் ஹாரன் அடித்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது.

அறுவை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி நாலாவது சுற்று கீமோ. புண் ஆறும் வரை தரமுடியாது, தள்ளிப்போடவேண்டும் என்கிறார் டாக்டர். கை ஒரு பக்கம். இப்போது புற்றுக்கும் நான் நாள் கொடுத்துவிட்டேன். அது சும்மா காத்திருக்குமா?

ஜூன் 17, சனி

இட்லிக்கு மாவு அரைத்தேன். உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். கொட்டிவிட்டேன்.

ஜூன் 19, திங்கள்

அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு நாளாகத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வாசலில் ஆட்டோ தார்ப்பாய் போட்டு நின்றது. காளீஸ்வரி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கட்டிலில் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்.

“ஏட்டி பியூலா, வந்துட்டியா? இரி.”

இதுவரை என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். இந்த ‘ஏட்டி’யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

“என் கால் என்ன செஞ்சுது? ஒண்ணு கேக்கேன், நெசத்தைச் சொல்லு. கை போயிருமா?”

“போகாதுக்கா. ஆனா செத்த சதையை வெட்டி எடுக்கணும். தோல் ஒட்டணும். கியர் போட முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியாது.”

அக்கா கையைத் தலையணையில் மெல்ல நகர்த்தி வைத்தார்.

“அன்னைக்கு எரிஞ்சுதுட்டி” என்றார். “நீ மருந்தைத் தள்ளத் தள்ள, மேல குத்துன எடத்துல மொளகாயை அரைச்சு வச்ச மாதிரி எரிஞ்சுது.”

“டாக்டர் கேட்டாரேக்கா! எரியலன்னுதான சொன்னிய?”

“உன் மொகத்தைப் பாத்தேன். வெளுத்துப் போயிருந்துது. எரியுதுன்னு சொன்னா உன்னைய வைவாவ, ஊசி போடுததை விட்டு எடுத்துருவாவ. அடுத்த தடவை எவளாவது வந்து நாலு குத்து குத்துவா. நம்ம பியூலா கைல்லா, ராசியான கைல்லா, தன்னால சரியாயிரும்னு இருந்துட்டேன்.”

“ஐயோ அக்கா!”

“ஒரே குத்துன்னு ஊருக்கெல்லாம் சொன்னதும் நான்தானே. எந்த வாயால மாத்திச் சொல்ல?”

எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. எரிந்தால் எரிகிறது என்று சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் “கொஞ்சம் எரிஞ்சாலும் ஒடனே சொல்லணும்” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மருந்தைக் கையில் எடுப்பேன். அன்றைக்கு அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. மறந்து அல்ல. சொன்னால் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் சொல்லவில்லை. இதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

காளீஸ்வரி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. “அம்மைக்குப் பூண்டு வாசம் போவலை. காபி புடிக்க மாட்டேங்கு” என்றாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஜூன் 20, செவ்வாய்

நேற்று எழுதியதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். விசாரணைத் தாளில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 3, திங்கள்

அக்காவுக்கு அறுவை. காலை ஒன்பது முதல் பதினொன்றே கால் வரை. செத்த சதையைச் சுரண்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதோடு நெஞ்சில் போர்ட்டும் வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை அக்கா தர்க்கம் பண்ணவில்லை.

நான் ஃபைல் அறையில் ஃபைலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் எல்லா ஃபைலிலும் ஒரே எண். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன்.

தசைநாருக்கு மருந்து எட்டியிருக்கிறதாம். விரல் மடங்கும். மணிக்கட்டு எவ்வளவு திரும்பும் என்பது போகப்போகத்தான் தெரியுமாம்.

ஜூலை 12, புதன்

ஒட்டின தோல் பிடித்துக்கொண்டது. ஜெபம் பண்ணினேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை.

ஜூலை 18, செவ்வாய்

விசாரணை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. இன்சார்ஜ் பக்கத்தில் நின்றால்தான் ஊசி போடலாம். வார்டில் புது விதி: குத்து தவறினால் அந்த இடத்தை வட்டம் போட்டுக் காட்டவேண்டும், அடுத்த குத்து அதற்குக் கீழே அதே குழாயில் கூடாது. தவறினதை நோயாளிக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும். கடைசி வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். தங்கபுஷ்பம் சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வார்டுக்குப் போவதற்குக் கால் வரவில்லை. கனவில் எல்லாம் ஊசிதான்.

ஜூலை 26, புதன்

அக்காவுக்கு நாலாவது சுற்று. ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

“பியூலா போடட்டும்” என்றார் அக்கா.

“வேண்டாம்க்கா. வேற ஆள் இருக்காவ.”

“எனக்கு வேற ஆளு வேண்டாம். போடுட்டி.”

தங்கபுஷ்பம் சிஸ்டர் தலையாட்டினார். கையுறைக்குள் என் விரல்கள் வியர்த்து வழுக்கின. நெஞ்சுத் தோலுக்கு அடியில் போர்ட்டைத் தொட்டுப் பார்த்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கினேன். இழுத்தேன். ரத்தம் வரவில்லை. ஓரத்தில் இடித்திருக்கிறது. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மூன்றாவது கட்டிலில் இருந்தார்.

“ஒண்ணு தவறிட்டு” என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. “எடுத்துட்டு வேற ஊசி போடுதேன். எரிஞ்சாலும் வலிச்சாலும் ஒடனே சொல்லணும். என் மொகத்தைப் பாக்கக் கூடாது.”

“சரிட்டி, பாக்கல” என்று அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஊசி சரியாக இறங்கியது. இழுத்தேன், ரத்தம் வந்தது. உப்புநீர் விட்டுப் பார்த்தேன், எரியவில்லை, உப்பவில்லை. சிவப்பு மருந்தைத் தொட்டபோது எனக்குப் பல் கிட்டியது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் “எரியுதா?” என்று கேட்டேன். ஏழாவது தடவை அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எரிஞ்சா சொல்லமாட்டனா? சும்மா நைநைன்னுட்டு!”

மருந்து முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்து இடது கையைத் தூக்கினார். ஒட்டின தோல் வேறு நிறத்தில் பளபளத்தது. “ரெண்டு குத்து!” என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். வாத்தியார்தான் முதலில் சிரித்தார். தாளில் ‘முயற்சி: 2’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டூட்டி முடிந்து வெளியே வந்தால், வாசலில் அக்காவின் ஆட்டோ. ஸ்டாண்டிலிருந்து ஒருவர் ஓட்டி வந்திருந்தார். அவரும் காளீஸ்வரியும் மருந்துக்கடைக்குப் போயிருந்தார்கள். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி அணைந்துதான் இருந்தது. இடது கையால் கிளட்சைப் பிடித்து, கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்குத் திருப்பும்போது மணிக்கட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார். அதே இடத்தில்தான் நின்றது.

என்னைப் பார்த்தார்.

“மீதியும் வரும்னு சொல்லுட்டி.”

வரும் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை.

“தெரியலக்கா” என்றேன்.

அக்கா மறுபடியும் கிளட்சைப் பிடித்தார். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.